கரப்பான் உள்ள பிள்ளைக்கு வேஷம் கட்டணும்னா: முகச்சாயம் வாங்குறதுல இருந்து கழுவுறது வரைக்கும்

புரட்டாசி பொறந்துட்டா எங்க பக்கம் வீட்டுக்கு வீடு வேஷப் பேச்சுதான். குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு விரதம் இருந்து, காப்பு கட்டி, வேஷம் போட்டு ஊர் ஊரா காணிக்கை எடுத்து, விஜயதசமி ராத்திரி கடற்கரைல சூரசம்ஹாரம் பாத்துட்டுதான் கழட்டுவாங்க. காளி, குரங்கு, கரடி, குறவன் குறத்தி, ராஜா, போலீஸ்னு என்னென்னமோ வேஷம். பெரியவங்க மட்டும் இல்ல, பிள்ளைகளுக்கும் நேர்ந்துக்கிட்டு கட்டி விடுவாங்க. என் மாமியாரும் அப்படித்தான் நேர்ந்துக்கிட்டாங்க, பேரனுக்கு இந்தக் கரப்பான்ங்குற தோல் அரிப்பு வியாதி அடங்குனா குரங்கு வேஷம் கட்டி விடுறேன்னு.

என் மகனுக்கு கைக்குழந்தையா இருக்கும்போதே கரப்பான் வந்துடுச்சு, டாக்டர் அடோபிக் டெர்மடைட்டிஸ்னு எழுதுவாங்க. முழங்கை மடிப்பு, கால் மடிப்பு, கன்னம், காதுக்குப் பின்னாடி. இப்ப ஸ்கூல் போற வயசுல நல்லாவே அடங்கி இருக்கு, ஆனா வேர்வை பட்டா, புது சோப்பு மாத்துனா, கம்பளி உரசுனா மறுபடி சிவந்து சொறிய ஆரம்பிச்சுடும். அப்படிப்பட்ட தோல்ல சாயம் பூசலாமாங்குறது எனக்கு பெரிய கேள்வியா இருந்துச்சு. அவனுக்கோ வேஷம் கட்டியே ஆகணும், எங்க செட்டுல, அதாவது சேந்து வேஷம் கட்டிப் போற குழுவுல இருக்குற பிள்ளைகள் எல்லாம் கட்டும்போது இவன் மட்டும் ஓரமா நிக்கணுமா? வேண்டாம்னு சொல்றது ரொம்ப சுலபம், ஆனா கரப்பான் உள்ள பிள்ளைங்க ஏற்கனவே நிறைய விஷயத்துக்கு வேண்டாம் கேட்டு வளருதுங்க. அதனால முடிஞ்சவரைக்கும் படிச்சு, தோல் டாக்டர்கிட்ட கேட்டு, பாத்துப் பாத்துதான் செஞ்சோம். கிருஷ்ண ஜெயந்திக்கு நீலம் பூசுறவங்க, ஆண்டு விழாவுக்கு புலி மூஞ்சி வரையுறவங்க, மாறுவேடப் போட்டிக்கு பாரதியார் மீசை வைக்கிறவங்க எல்லாருக்கும் இது பொருந்தும்.

பயம் எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லிடுறேன். எங்க சொந்தத்துல ஒரு பொண்ணுக்கு ஒரு ஸ்கூல் விழாவுல மேக்கப் போட்டாங்க. மேக்கப் போட வந்தவர்கிட்ட ஒரே டப்பா, ஒரே ஸ்பாஞ்ச், ஒரே கிண்ணம் தண்ணி, வரிசையா நிக்குற அத்தனை பிள்ளைக்கும் அதேதான். அன்னைக்கு ராத்திரி வரை ஒண்ணும் இல்ல. மறுநாள் வாயைச் சுத்தி சிவப்பு, அதுக்கும் மறுநாள் கண் இமை வீங்கி கண்ணே திறக்க முடியல. எல்லாரும் ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்னு சொன்னாங்க, ஏன்னா போட்டப்போ ஒண்ணும் ஆகலையே. இதைத்தான் டாக்டர் எனக்கு முதல்ல விளக்குனாங்க. சாயத்தால வர்ற தொல்லை ரெண்டு வகை. ஒண்ணு எரிச்சல், அது போட்ட கொஞ்ச நேரத்துலயே தெரிஞ்சிடும். இன்னொண்ணு அலர்ஜி, அது பெரும்பாலும் ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுதான் தலைகாட்டும், மூணாவது நாள் கூட வரலாம். அதுவும் முதல் தடவை உடம்பு சும்மா அடையாளம் மட்டும் கண்டு வச்சுக்கிட்டு, அடுத்த தடவை அதே பொருள் பட்டதும் கிளம்பும். அதனால "போன வருஷம் போட்டோம், ஒண்ணும் செய்யலையே"ங்குற பேச்சை நம்பி இறங்க முடியாது. கரப்பான் தோல்ல இன்னொரு சிக்கல், மேல்தோல் இறுக்கமா இருக்காது, கீத்து விலகுன ஓலைக்கூரை மாதிரி, வெளில இருந்து எது பட்டாலும் சுலபமா உள்ள இறங்கும், உள்ள இருக்குற ஈரமும் வெளில போயிடும். சொறிஞ்சு கீறல் விழுந்த இடம்னா கேக்கவே வேண்டாம்.

சரி, எதெல்லாம் முகத்துக்கு ஆகாது. போஸ்டர் கலர், வாட்டர் கலர், அக்ரிலிக், துணில வரையுற பெயிண்ட், ஸ்கெட்ச் பேனா, எதுவும் கூடாது. டப்பா மேல நான்-டாக்ஸிக்னு போட்டிருக்கும், அதைப் பாத்து நிறைய பேர் ஏமாந்துடுறாங்க. பிள்ளை தெரியாம கொஞ்சம் வாய்ல வச்சுட்டா விஷமாகாதுங்குற மாதிரி விஷயத்துக்குத்தான் அந்த வார்த்தை, மணிக்கணக்கா முகத்துல பூசி வச்சுக்கலாம்னு அர்த்தம் இல்ல. அக்ரிலிக் காஞ்சா பிளாஸ்டிக் படலம் மாதிரி ஒட்டிக்கும், உரிக்கும்போது தோலோட மேல் அடுக்கும் சேந்து வரும். பெரியவங்க புலி வேஷத்துக்கு உடம்புல பூசுற எனாமல், வார்னிஷ் கலந்த சாயம் பக்கத்துலயே பிள்ளையை விடக்கூடாது, அதை எடுக்குறதுக்கு மண்ணெண்ணெய் வேற கேக்கும்.

வீட்டுப் பொருள்தானே, அதனால நல்லதுதானேன்னு இன்னொரு கூட்டம் இருக்கு. வெள்ளைக்கு டூத்பேஸ்ட் தடவுறாங்க, அதுல புதினா எண்ணெயும் நுரை வர்ற பொருளும் இருக்கு, நல்ல தோலே எரியும். சுண்ணாம்பு தடவவே கூடாது, அது காரம், புண்ணாக்கிடும். குங்குமம் விஷயத்துலதான் வீட்டுல பெரிய வாக்குவாதம். ஆச்சி, அதான் என் மாமியார் சொன்னாங்க, "சாமி குங்குமம்ட்டீ, அது என்ன செஞ்சிரப் போவுது?" மஞ்சளும் சுண்ணாம்பும் சேத்து வீட்டுல செஞ்ச காலத்துக் குங்குமம் வேற, இப்ப கடைல பாக்கெட்ல வர்றதுல செயற்கைச் சாயம்தான் நிறைய, நெத்தில பொட்டு வைக்கிற இடத்துல அரிப்பு வந்து நிறம் மாறிப்போன பொம்பளைங்களை நாம பாத்திருக்கோமே. அதை எண்ணெய்ல குழைச்சு பிள்ளை முகம் முழுக்கப் பூசுறதுக்கு நான் சம்மதிக்கல. நெத்தில மட்டும் கோயில்ல வைக்கிற பொட்டு போதும்னு ஆச்சியும் ஒத்துக்கிட்டாங்க. கண்மைலயும் ஜாக்கிரதை, சுர்மா மாதிரி சில வகைல ஈயம் இருக்குறதா பல நாட்டுல கண்டுபிடிச்சிருக்காங்க, மீசை வரையவோ புருவம் வரையவோ பேர் ஊர் தெரியாத மை டப்பா வேண்டாம்.

அப்போ எதை வாங்குறது? தண்ணி தொட்டுப் பூசுற கேக் வகை, வாட்டர் பேஸ்டு ஃபேஸ் பெயிண்ட். ஸ்னாசரூ, மெஹ்ரான், கிரையோலான் அக்வாகலர்னு இந்த வகைல தெரிஞ்ச பேர்கள் இருக்கு, கிரையோலான்லயே சூப்ராகலர்னு வர்றது எண்ணெய் வகை, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. எண்ணெய் வகை நாடக மேடைக்கு நல்லா நிக்கும், வேர்வைக்கும் தாங்கும், ஆனா எடுக்குறதுக்கு தேய்க்கணும், கரப்பான் தோலுக்குத் தேய்ப்பே எதிரி. தண்ணி வகை வேர்வைல கொஞ்சம் வழியும்தான், வழிஞ்சா வழிஞ்சுட்டுப் போகட்டும்.

பிராண்டு பேரை விட பின்னாடி இருக்குற பொடி எழுத்துதான் முக்கியம். நான் போன்ல படம் எடுத்துப் பெருசாக்கிப் படிப்பேன். நம்ம நாட்டுல செஞ்ச அழகு சாதனம்னா தயாரிப்பு லைசென்ஸ் நம்பர், தயாரிச்சவங்க முகவரி, பேட்ச் நம்பர், தேதி எல்லாம் இருக்கணும். வெளிநாட்டுச் சரக்குன்னா இறக்குமதி பதிவு நம்பரும் இறக்குமதி செஞ்சவங்க முகவரியும் இருக்கணும், 2020 காஸ்மெடிக்ஸ் ரூல்ஸ்ல இதெல்லாம் இருக்கு. திருவிழாக் கடைல கண்ணாடிக் கவர்ல தொங்குற பன்னெண்டு கலர் செட்டுல இது எதுவுமே இருக்காது, சிலதுல ஒரு குரங்கு படமும் கிட்ஸ்ங்குற வார்த்தையும் மட்டும்தான். அதைக் கைல எடுத்தாலே திருப்பி மாட்டிடுங்க. லூஸ்ல டப்பால மாத்தி விக்கிறதும் வேண்டாம். 2009ல அமெரிக்காவுல ஒரு கம்பெனியோட பெயிண்ட் போட்ட பிள்ளைங்களுக்கு தடிப்பு, அரிப்பு, எரிச்சல், வீக்கம் வந்து அந்தச் சரக்கையே திரும்ப வாங்குனாங்க, அவங்க உணவு, மருந்து கட்டுப்பாட்டுத் துறை எஃப்டிஏ சோதிச்சப்போ சில டப்பால கிருமி ஏகத்துக்கு வளந்திருந்துச்சு. சாயத்தை மட்டும் பாத்தா போதாது, அதுல என்ன வளருதுன்னும் யோசிக்கணும்.

அதே 2009ல அங்க ஒரு பாதுகாப்பு இயக்கம் பிள்ளைங்க ஃபேஸ் பெயிண்ட் பத்தை எடுத்து சோதிச்சதுல பத்துலயும் ஈயம் இருந்துச்சு, ஆறுல நிக்கல், கோபால்ட், குரோமியம் இதுல ஏதாவது இருந்துச்சு. படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம் பொறுமையா அளவைப் பாத்தேன், ஈயம் பத்து லட்சத்துல ஒரு பங்கு கூட இல்ல, நம்ம நாட்டுச் சட்டப்படி அழகு சாதனத்துல சேக்குற நிறப்பொருள்ல பத்து லட்சத்துக்கு 20 பங்கு வரை அனுமதி. பிள்ளை உடம்புக்கு ஈயம் இவ்வளவு போனா பரவாயில்லன்னு எந்த அளவும் கிடையாதுதான், அதனாலதான் வாய்கிட்ட பூசக்கூடாதுங்குறேன், விரல் சப்புற வயசுப் பிள்ளைக்கு போடவே கூடாதுங்குறேன். ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை வேஷம் கட்டுற கரப்பான் பிள்ளைக்கு என் கவலை நிக்கல் மேலதான் அதிகம், ஏன்னா நிக்கல் அலர்ஜி ரொம்ப சாதாரணமா இருக்குற ஒண்ணு. கவரிங் கம்மல் போட்டா காது புண்ணாகுற பிள்ளை, பேன்ட் பட்டன் படுற இடத்துல தொப்புளுக்குக் கீழ தடிப்பு வர்ற பிள்ளைன்னா டாக்டர்கிட்ட காட்டாம பெயிண்ட் பக்கம் போகாதீங்க. கூடவே இதையும் கவனிங்க, வேஷத்துக்குப் போடுற கிரீடம், இடுப்புச் சலங்கை, கழுத்துமணி எல்லாம் என்ன உலோகம்னே தெரியாது. நான் கிரீடத்துக்கு உள்பக்கம் முழுக்க பழைய காட்டன் வேட்டித் துணி வச்சு தைச்சுட்டேன். முகத்துல பூசுனதை மட்டும் பாத்துக்கிட்டே இருந்தா நெத்தில கிரீடம் அழுத்துன இடத்துல தடிப்பு வரும், பழி பெயிண்ட் மேல விழும்.

அப்புறம் கெட்டுப்போகாம இருக்க சேக்குற பொருள். பாரபென் இல்லைன்னு பெருசா எழுதியிருந்தா உடனே நல்லதுன்னு எடுத்துடாதீங்க. பாரபென் மத்ததோட ஒப்பிட்டா அலர்ஜி ரொம்பக் கம்மியா பண்ற வகை, அமெரிக்காவுல தோல் அலர்ஜி டாக்டர்கள் சங்கம் 2019ல அதை 'அலர்ஜி அல்லாத பொருள்'னே அறிவிச்சாங்க. அதே சங்கம் 2013ல அந்த வருஷத்து அலர்ஜிப் பொருள்னு அறிவிச்சது மெத்தில்ஐசோதயசோலினோனை, லேபிள்ல இந்த நீளமான பேர் இருந்தா நான் வாங்க மாட்டேன். கழுவாம தோல்லயே விடுற பொருள்ல அதைச் சேக்கக்கூடாதுன்னு ஐரோப்பாவுல 2017ல இருந்து தடை. டிஎம்டிஎம் ஹைடன்டாயின், இமிடசோலிடினைல் யூரியா, டயசோலிடினைல் யூரியா, இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா ஃபார்மால்டிஹைடு விடுற வகை, அதுவும் வேண்டாம். வாசனை வந்தா வேண்டாம், ஸ்ட்ராபெரி வாசம் வர்ற ஃபேஸ் பெயிண்ட் எதுக்கு பிள்ளைக்கு? அலர்ஜி அவ்வளவா வராதுன்னு சொல்ல லேபிள்ல போடுற ஹைப்போஅலர்ஜெனிக்ங்குற வார்த்தைக்கு இன்னதுதான் அளவுன்னு ஒரு பொதுச் சட்டம் கிடையாது, கம்பெனி தனக்குத் தோணுன அர்த்தத்துல போட்டுக்கலாம், அதை ஒரு விளம்பர வார்த்தையா மட்டும் எடுத்துக்கோங்க.

நிறத்துல கூட வித்தியாசம் உண்டு. லேபிள்ல சிஐ (கலர் இண்டெக்ஸ்) போட்டு அஞ்சு இலக்க நம்பர் வரும், அது ஒவ்வொரு நிறப்பொருளுக்கும் உள்ள அடையாள நம்பர். 77891 டைட்டானியம் டைஆக்ஸைடு வெள்ளை, 77491, 77492, 77499 மூணும் இரும்பு ஆக்ஸைடு, செம்பழுப்பு, மஞ்சள், கறுப்பு. இந்த மண் நிறங்கள்தான் பொதுவா சாதுவானது. 75470ன்னு இருந்தா கார்மைன், ஒரு பூச்சில இருந்து எடுக்குற சிவப்பு, அபூர்வமா சிலருக்கு அலர்ஜி பண்ணும். 77288 குரோமியம் ஆக்ஸைடு பச்சை, உதட்டுல படக்கூடாது. நியான் நிறங்களும் இருட்டுல மின்னுற நிறங்களும் கண்ணுக்குப் பக்கத்துல போடுறதுக்கு அமெரிக்காவுல அனுமதியே இல்ல. இதெல்லாம் மனப்பாடம் பண்ணணும்னு இல்ல, எத்தனை நிறம் குறையுதோ அத்தனை பொருள் குறையுதுங்குறதை மட்டும் மனசுல வச்சா போதும்.

டெஸ்ட் பண்றது. இதைத்தான் யாரும் செய்ய மாட்டேங்குறாங்க, காதுக்குப் பின்னாடி ஒரு சொட்டு வச்சு அஞ்சு நிமிஷம் பாத்துட்டு ஓகேன்னுடுறாங்க. நான் காப்பு கட்டுறதுக்கு ரொம்ப முன்னாடியே செஞ்சேன். முன்கையோட உள்பக்கம், முழங்கை மடிப்பை விட்டுத் தள்ளி, ஏன்னா மடிப்புல ஏற்கனவே கரப்பான் இருக்கு. ஸ்டீராய்டு க்ரீம் தடவுற இடத்துலயும் வைக்கக்கூடாது, அது அலர்ஜியை அமுக்கிடும், இல்லாத தைரியம் குடுத்துடும். ஒவ்வொரு நிறமும் தனித்தனியா, கட்டை விரல் நகம் அளவுக்கு சின்னக் கட்டம், பக்கத்துல பால்பாயின்ட் பேனாவால வெ, க, ப, சின்னு எழுதிட்டேன். வேஷம் எவ்வளவு நேரம் இருக்குமோ அவ்வளவு நேரம் விட்டுட்டு, முகத்தை எப்படிக் கழுவப் போறேனோ அதே மாதிரி கழுவுனேன், ஏன்னா கழுவுறதும் டெஸ்ட்தான். அன்னைக்கு எல்லாம் சுத்தமா இருந்துச்சு. ரெண்டாம் நாள் குளிக்க வைக்கும்போது பாத்தா வெள்ளை, கறுப்பு, பழுப்பு மூணும் போன இடமே தெரியல, 'சி' எழுதுன கட்டத்துல மட்டும் ஊசி முனை அளவுல பொடிப் பொடியா சிவந்து எழும்பியிருக்கு, கட்டம் போட்ட அளவுக்கு சரியா சதுரமா. அவனே விரலால தடவிப் பாத்து, "அம்மா இதுதான் அரிக்கி"ங்குறான். சிவப்பு அத்தோட விலக்கு. முகத்துல வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பாத்தா இந்தச் சின்னச் சதுரம் எவ்வளவு பெரிய உதவி.

சிவப்பு போனதும் அவனுக்கு அழுகை, குரங்குக்கு சிவப்பு மூஞ்சி இல்லாம எப்படின்னு. இங்கதான் நான் கண்டுக்கிட்ட பெரிய விஷயம், பெயிண்ட் எதுன்னு யோசிக்குறதுக்கு முன்னாடி பெயிண்ட் எவ்வளவு குறைச்சா வேஷம் தெரியும்னு யோசிக்கணும். முழு முகமும் பூசணும்னு யாரும் விதி போடல. ஒரு பேப்பர்ல அவன் முகத்தை வரைஞ்சு நாங்க ரெண்டு பேரும் உக்காந்து யோசிச்சோம். மூக்கு நுனில கறுப்பு, நெத்தில ரெண்டு பழுப்புக் கோடு, கன்னத்துல ரெண்டு பக்கமும் பழுப்பும் வெள்ளையும் சேந்து ஒரு வளைவு. கண்ணைச் சுத்தி ஒண்ணும் இல்ல, வாயைச் சுத்தி ஒண்ணும் இல்ல, காதுப் பக்கம் ஒண்ணும் இல்ல. மிச்ச குரங்கெல்லாம் குல்லால, வால்ல, சட்டைல. சிவப்புக்குப் பதிலா குல்லால சிவப்புக் குஞ்சம். கண்ணாடில பாத்துட்டு அவனே குதிச்சான். கிருஷ்ணன்னாலும் இப்படித்தான், மயிலிறகும் பீதாம்பரமும் புல்லாங்குழலும் இருந்தா நீலம் பூசாமலே கிருஷ்ணன்தான், ஆசைக்குக் கையில கொஞ்சம் பூசிக்கலாம். பாரதியாருக்கு தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் போட்டு மீசையை டெஸ்ட் பண்ணுன கறுப்புல வரைஞ்சா போதும், ஒட்டு மீசை வேண்டாம், மேக்கப் பசைல பெரும்பாலும் மரப்பிசின் இருக்கும், பிளாஸ்திரி போட்டா சிவக்குற பிள்ளைக்கு அதுவும் ஒத்துக்காம போகலாம்.

மின்னுற பொடி, கிளிட்டர், எங்க வீட்டுல கிடையவே கிடையாது. கைவேலைக்கு விக்கிற கிளிட்டர் ஓரம் கூரா இருக்கும், கண்ணுக்குள்ள போனா கருவிழியைக் கீறிடும், பிள்ளை கண்ணைக் கசக்கக் கசக்க இன்னும் கீறும்.

பூசுற அன்னைக்கு. காலைல வெதுவெதுப்பான தண்ணில சோப்பு இல்லாம கழுவிட்டு, எப்பவும் போடுற மாய்ஸ்சரைசர் போட்டு அரை மணி நேரம் விட்டேன், தோல் அதைக் குடிக்கணும். வாஸ்லின் கெட்டியா அப்புனா தண்ணி பெயிண்ட் நிக்காது, வழுக்கும், உடனே போடுறவங்க இன்னும் கெட்டியா அப்புவாங்க. அன்னைக்குக் காலைல எங்கயாவது புண்ணு, கீறல், நீர் வடியுற கரப்பான், உதட்டுக் கொப்புளம், கண்ணு சிவப்பு இருந்தா பெயிண்ட் ரத்துன்னு முன்னாடியே அவன்கிட்ட பேசி வச்சிருந்தேன், அப்ப போய்ச் சொன்னா பிள்ளை தாங்க மாட்டான். நகம் முந்தின நாளே ஒட்ட வெட்டியாச்சு. ஸ்பாஞ்சை நனைச்சு நல்லாப் பிழிஞ்சு, மெல்லிசா ஒரே ஒரு பூச்சு. கெட்டியாப் பூசுனா காஞ்சு வெடிக்கும், வெடிச்ச இடம் அரிக்கும். மேல நிக்கட்டும்னு ஹேர் ஸ்ப்ரே அடிக்குற பழக்கம் சில இடத்துல இருக்கு, அதை அடிக்க விடாதீங்க, மூச்சுக்கும் ஆகாது, தோலுக்கும் ஆகாது. அடோபிக் பிள்ளைகள்ல நிறைய பேருக்கு வீசிங்கும் உண்டு.

எங்க செட்டுல மேக்கப் போடுற அண்ணாச்சி கிட்ட முதல் நாளே போய்ப் பேசிட்டேன். அவர் வருஷக்கணக்கா போடுறவர், முகம் கொஞ்சம் சுருங்குச்சு, "எங்கிட்ட போட்டு யாருக்கும் எதுவும் ஆனது இல்லையே தாயி"ன்னார். அவரைக் குறை சொல்லல அண்ணாச்சி, பிள்ளைக்கு வியாதி அப்படின்னு முன்கைல இருந்த அந்தச் சதுரத்தோட போட்டோவைக் காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தார். "அப்ப உங்க டப்பாவையே கொண்டாங்க, நானே வரைஞ்சு விடுதேன்"னு சொல்லி அவர் கையாலதான் வரைஞ்சார், எங்க பெயிண்ட், எங்க பிரஷ், எங்க ஸ்பாஞ்ச், எங்க கிண்ணம். கை அவரோட கை, அதுல வந்த அழகு எனக்கு வராது. ஸ்கூலா இருந்தாலும் இப்படித்தான், கடைசி நேரத்துல வரிசைல நின்னு வேண்டாம்னு சண்டை போடாம முன்னாடியே டீச்சர்கிட்ட ஒரு சின்ன டப்பாவும் ஒரு துண்டுச் சீட்டும் குடுத்துடுங்க. ஒரே ஸ்பாஞ்ச் எல்லாருக்கும் போடுறது கரப்பான் இல்லாத பிள்ளைக்கும் கெடுதல்தான், ஒரு பிள்ளைக்கு சிரங்கோ, கண் வலியோ, பால் மருவோ இருந்தா அந்த ஸ்பாஞ்ச் வழியா எல்லார் முகத்துக்கும் போக வழி இருக்கு. ஸ்பாஞ்சை துண்டு துண்டா வெட்டி ஆளுக்கு ஒண்ணு குடுக்க பெரிய செலவே இல்ல.

வெயில்ல வேர்வைதான் பெரிய தொல்லை. மெத்துன்னு காட்டன் துணி ஒண்ணு கைலயே வச்சிருந்தேன், ஒத்தி எடுக்கணும், துடைக்கக் கூடாது. நிழல், தண்ணி, விசிறி. முழு நாளும் முகத்துல இருக்கணும்னு இல்ல, ஊர்வலம் முடிஞ்சதும் பெயிண்ட்டை எடுத்துட்டு குல்லாவும் வாலும் மட்டும் வச்சுக்கலாம்னு முடிவு பண்ணியிருந்தோம். அரிச்சா உடனே சொல்லணும், வேஷத்தை நடுவுல கலைச்சா சாமி குத்தம் ஆயிடும்னு பயந்து பிள்ளை அடக்கிக்கிட்டே இருக்கக் கூடாதுன்னு எனக்கு ஒரு கவலை. அதை நான் சொன்னா எடுபடாதுன்னு ஆச்சியையே சொல்ல வச்சேன். அவனை மடில இருத்தி, "ஏலே, அவ ஆத்தா, பிள்ளை கஷ்டப்பட்டு நின்னா அவளுக்குப் பொறுக்குமா, அரிச்சா ஓடியா, ஆச்சி கழுவி விடுதேன்"னு சொன்னாங்க. அந்த ஒரு பேச்சு போதும், அவன் முகம் லேசாயிடுச்சு.

கழுவுறதுலதான் பாதிப் பிள்ளைக்கு முகம் சிவக்குது, பழி பெயிண்ட்டுக்குப் போகுது. தண்ணி வகைன்னா முதல்ல ஈரத்துணியை முகத்துல வச்சு ஊற விடணும், அப்புறம் வெதுவெதுப்பான தண்ணி, சோப்பு இல்லாத வாசனை இல்லாத க்ளென்சர் கொஞ்சம், விரல் நுனியால வட்டமா. குளிக்கிற சோப்பு காரத்தன்மை உள்ளது, தோலோ லேசா அமிலத்தன்மை பக்கம் இருக்குறது, கரப்பான் தோல்ல சோப்புப் போட்டா இருக்குற கொஞ்ச நஞ்ச எண்ணெயும் போயிடும். கடலை மாவு, பயத்த மாவு தேய்ச்சா சொரசொரப்பு, அதுவும் வேண்டாம். வாசனை வர்ற பேபி வைப்ஸ் வேண்டாம். எண்ணெய் வகைப் பெயிண்ட் போட்டிருந்தா முதல்ல தேங்காய் எண்ணெய் தடவி ஊற விட்டு, பஞ்சால எடுத்துட்டு அப்புறம் கழுவணும். நீலம், சிவப்பு, பச்சை லேசா கறை விட்டுட்டுப் போகும், விடுங்க, ரெண்டு குளியல்ல தானா போகும், ஸ்கூலுக்கு லேசா நீலமா போனா என்ன இப்போ. துண்டால ஒத்தி எடுத்துட்டு ஈரம் காயறதுக்குள்ள மாய்ஸ்சரைசர்.

ஏதாவது வந்துட்டா, எடுத்துட்டு குளிர்ந்த ஈரத்துணி வச்சு, மாய்ஸ்சரைசர் போட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. மெடிக்கல்ல போய் அரிப்புக்கு ஒரு ட்யூப்னு கேட்டா, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த க்ரீம்தான் பெரும்பாலும் கைக்கு வரும், பிள்ளை முகத்துல அதைப் போடவே கூடாது, உடனே அடங்குன மாதிரி இருக்கும், விட்டா திரும்ப வரும், தோல் மெலிஞ்சு போயிடும். கண்ணுக்குள்ள பெயிண்ட் போயிட்டா கசக்க விடாம சுத்தமான தண்ணிய ஊத்திக்கிட்டே இருங்க. உதடோ கண்ணோ திடீர்னு வீங்குறது, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இழுக்குறது, வாந்தி, இது எது வந்தாலும் காத்திருக்காம 108.

மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு நான் சொல்ற எதுவும் வேண்டாம், பெயிண்ட்டே வேண்டாம், கையை வாய்லயும் கண்லயும் வைக்குற வயசு அது. இன்னொண்ணு, திருவிழால கறுப்பு மருதாணின்னு டாட்டூ போடுவாங்க பாருங்க, அதுல தலைமுடி டை-ல இருக்குற பிபிடி கலந்திருக்கலாம், அது கொப்புளமாக்கி தழும்பே விட்டுடும், அப்புறம் வாழ்நாள் முழுக்க ஹேர் டை தொட முடியாத நிலைமை ஆகலாம். முகச்சாயத்தைப் பாத்துப் பாத்து போட்டுட்டு அங்க போய் கையை நீட்டிடாதீங்க.

முடிஞ்சதும் ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டுட்டேன். பிரஷ்ஷைக் கழுவி நல்லாக் காய வச்சேன், பெயிண்ட் கேக்கையும் மூடாம ஒரு ராத்திரி காய விட்டுட்டுதான் டப்பாவை மூடுனேன், ஈரத்தோட மூடுனா உள்ள பூஞ்சை கட்டும். திறந்த தேதியை மூடிக்கு அடில எழுதி ஒட்டியாச்சு. வாசனை மாறுனாலோ மேல புள்ளி புள்ளியா வந்தாலோ எவ்வளவு விலைக்கு வாங்கியிருந்தாலும் குப்பைதான். அடுத்த புரட்டாசிக்கு அதே டப்பாவா இருந்தாலும், அதே கம்பெனி புது டப்பாவா இருந்தாலும் மறுபடி முன்கைல கட்டம் போட்டு டெஸ்ட் பண்ணிட்டுதான் எடுப்பேன், கம்பெனிக்காரங்க சொல்லாமலே கலவையை மாத்துவாங்க, பிள்ளையோட தோலும் ஒரு வருஷத்துல மாறியிருக்கும்.